எரர் நோட்டா, எரேசர் நோட்டா?

நான் முதன்முதலில் ஏமாந்து வாங்கிய நோட்டு இன்னும் என் ஆல்பத்தில் இருக்கிறது. அச்சகத்தில் பிழையாக அச்சான நோட்டை ‘எரர் நோட்டு’ என்று சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள். இது சீரியல் நம்பர் இல்லாத நோட்டு. இரண்டு இடத்திலும் நம்பர் இருக்க வேண்டிய பகுதி பளிச்சென்று காலியாக இருந்தது. "பிரஸ்ஸிலிருந்து அப்படியே வந்ததுங்க" என்றார் விற்றவர். பதினெட்டு வருடம் ஆஃப்செட் அச்சு மெஷின் ஓட்டியவன் நான். மெஷினில் என்னென்ன கூத்து நடக்கும் என்று எனக்குத் தெரியாததா என்ற தெனாவட்டில் வாங்கிவிட்டேன். அரை மாதச் சம்பளம் போனது.

அன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சை மேசைமேல் படுக்கவைத்து, வெளிச்சம் நோட்டின்மேல் உரசிக்கொண்டு போகிற மாதிரி அடித்தேன். காலியாக இருந்த இடத்தில் ஒரு 7 தெரிந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு 4. மையே இல்லை, ஆனால் எண் உருளை அழுத்திய பள்ளம் மட்டும் நிழல் கட்டி நின்றது. நோட்டைத் திருப்பினால் அதே எண்கள் பின்பக்கம் லேசாகப் புடைத்திருந்தன. நம்பர் அச்சாகாமல் போகவில்லை. அச்சான நம்பரை யாரோ பொறுமையாக உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள்.

அந்த ஏழும் நாலும் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் இன்றுவரை நோட்டு பார்க்கிறேன். அச்சுப் பிழை என்பது அச்சகத்துக்குள், ஒரு குறிப்பிட்ட மெஷினில், ஒரு குறிப்பிட்ட நொடியில் நடந்த விபத்து. போலி எரர் என்பது நோட்டு முழுசாக முடிந்து வெளியே வந்தபிறகு யாரோ செய்த கைவேலை. அதனால் எந்த எரர் நோட்டைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இது எந்தக் கட்டத்தில் நடந்தது? அந்தக் கட்டத்துக்கு முன்னால் நடந்ததெல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அந்த விபத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு எங்கேயாவது இடித்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நாம் பேசுவது கள்ள நோட்டைப் பற்றி இல்லை. போலி எரர் நோட்டு என்பது பெரும்பாலும் நிஜமான, செல்லுபடியாகும் நோட்டுதான். நீர்க்குறி இருக்கும், இழை இருக்கும், காகிதம் சரியாக இருக்கும். கள்ள நோட்டுக்குச் சொல்லித்தரும் சோதனைகள் எல்லாவற்றிலும் பாஸாகிவிடும். "ஒரிஜினல் நோட்டுதான், வேணும்னா பேங்க்ல காட்டிக்கோங்க" என்று விற்பவர் சொல்வது உண்மையே. ஆனால் நாம் கேட்ட கேள்வி அது இல்லையே! கடைக்காரர்கள் கோடு போட்டுப் பார்க்கும் அயோடின் பேனாவும் இங்கே பிரயோஜனப்படாது. அது சாதாரணக் காகிதத்தில் இருக்கும் ஸ்டார்ச்சைத்தான் கண்டுபிடிக்கும்.

அச்சாகும் வரிசை

எரர் நோட்டு வாங்க நினைப்பவர் விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், ஆனால் எலும்புக்கூடு ஒன்றுதான்.

நோட்டுக் காகிதம் பருத்தி நாரில் செய்தது. நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் காகித ஆலையிலேயே உள்ளே போய்விடும். அச்சகத்துக்கு வந்ததும் முதலில் ஆஃப்செட்டில் பின்னணி வண்ணங்களும் மெல்லிய கோடுகளும் அச்சாகும். பல மெஷின்களில் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அச்சாகிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்கத்து அரை உருவமும் பின்பக்கத்து அரை உருவமும் சேர்ந்து ஒன்றாவது இதனால்தான். நிறம் மாறும் மை, ஹாலோகிராம் போன்றவை இருந்தால் அடுத்து அவை. அப்புறம் இன்டாக்லியோ. செதுக்கிய தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பி, மேலே ஒட்டியதைத் துடைத்துவிட்டு, காகிதத்தைப் பெரும் அழுத்தத்தில் அந்தப் பள்ளங்களுக்குள் தள்ளுவது. விரலால் தடவினால் சொரசொரவென்று படுவது இந்த அச்சுதான். இதில் மை மட்டும் மேடாவதில்லை, காகிதமே புடைக்கும். ஒரு பக்கம் அடித்து, காய்ந்தபின் மறுபக்கம். கடைசியாக எண் உருளைகள் சீரியல் நம்பரை லெட்டர்பிரஸ் முறையில், அதாவது மேடான எண்ணில் மை தடவி, அழுத்தும். பிறகு கத்தி தாளை நோட்டுகளாக வெட்டும்.

டாலர் நோட்டில் ரொம்ப காலம் ஆஃப்செட் பின்னணியே கிடையாது. 2003-இல் வெளியான 20 டாலர் நோட்டில்தான் பின்னணி வண்ணம் வந்தது. அதற்கு முன்னால் முதல் அச்சு பின்பக்கம், இரண்டாம் அச்சு முன்பக்கம், மூன்றாம் அச்சு முத்திரையும் நம்பரும். மூன்றே படி என்பதால் எரர் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்குப் பழைய டாலர் நோட்டுகள் நல்ல பாடப்புத்தகம்.

அந்தப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் உலகப் புகழ் பெற்றது. 1996 வரிசை 20 டாலர் நோட்டு ஒன்றின் முகப்பில், ஜாக்சன் படத்துக்குப் பக்கத்தில், டெல் மான்டே வாழைப்பழ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஏடிஎம்மில் பணம் எடுத்த ஒரு கல்லூரி மாணவருக்குக் கிடைத்தது. 2021 ஜனவரியில் 3,96,000 டாலருக்கு ஏலம் போனது. ஸ்டிக்கர் ஒட்டிய நோட்டு யாரும் வீட்டில் செய்யலாமே என்று தோன்றும். செய்ய முடியாததற்குக் காரணம், கருவூல முத்திரையின் ஒரு பகுதியும் சீரியல் நம்பரின் ஒரு பகுதியும் அந்த ஸ்டிக்கரின்மேல் அச்சாகியிருக்கின்றன. முன்பக்கத்து இன்டாக்லியோ அச்சு ஸ்டிக்கருக்கு அடியில், மூன்றாம் அச்சு ஸ்டிக்கருக்கு மேலே. ஆக, இரண்டாம் அச்சுக்கும் மூன்றாம் அச்சுக்கும் நடுவில், அச்சகத்துக்குள்ளேயே அந்த ஸ்டிக்கர் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாழைப்பழம் சாப்பிட்டது யார் என்பது வேறு விஷயம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு சின்ன எல்இடி டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு யூவி டார்ச், மில்லிமீட்டர் கோடு தெளிவாக இருக்கும் ஸ்டீல் ஸ்கேல். இவற்றைவிட முக்கியம், அதே மதிப்பில் அதே வரிசையில் பிழையில்லாத ஒரு நோட்டு. பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் நான் எதையும் சொல்வதில்லை. எத்தனையோ பேர் "எரர்" என்று அனுப்பிய படங்களில் இருந்தது அந்த வரிசைக்கே உரிய வடிவமைப்பு.

அச்சு விடுபட்டதா, அழிக்கப்பட்டதா

சந்தையில் அதிகம் புழங்கும் போலி இதுதான், ஏனென்றால் செய்வது சுலபம். ரப்பர், பிளேடு நுனி, ஏதாவது ஒரு ரசாயனம், கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில் பக்கவாட்டு வெளிச்சம். இன்டாக்லியோ படமோ நம்பரோ நிஜமாகவே அடிக்கப்படவில்லை என்றால் அந்த இடத்தில் காகிதம் சமதளமாக இருக்கும். முன்னால் மேடும் கிடையாது, பின்னால் பள்ளமும் கிடையாது. அழிக்கப்பட்டது என்றால் அழுத்தத்தின் தடம் எங்கேயாவது மிச்சமிருக்கும். ரொம்பப் புழங்கி நைந்த நோட்டில் இந்தத் தடம் தட்டையாகிப் போயிருக்கலாம், அதனால் நைந்த நோட்டில் "அச்சு விடுபட்டது" என்று யாராவது சொன்னால் எனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் தடம் இருக்கிறது என்பதாலேயே போலி என்று முடிவுகட்டக் கூடாது. இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். மெஷினில் மை தீர்ந்தாலோ சரியாகப் பாயாவிட்டாலோ தகடு காகிதத்தை அழுத்தும், ஆனால் மை இறங்காது. அப்போதும் தடம் இருக்கும், மை இருக்காது, நோட்டு நிஜமான எரர்தான். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

நம்பருக்கு அடியில் ஓடும் ஆஃப்செட் கோடுகளைப் பாருங்கள். லென்ஸை வைத்து, நம்பர் இல்லாத இடத்துக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போங்கள். மை வறண்ட நோட்டில் அந்தக் கோடு அதே அழுத்தமான நிறத்தில், அதே கூர்மையில் காலி இடத்தைக் கடந்து அந்தப்பக்கம் போகும். ஏனென்றால் அது முன்னாலேயே வேறு மெஷினில் அடித்து முடித்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அழித்த நோட்டில் அந்தக் கோடு காலி இடத்துக்குள் நுழைந்ததும் வெளிறும், உடையும், சில இடங்களில் காணாமலே போகும். ரப்பருக்கு நம்பர் மையை மட்டும் எடு, பின்னணியை விடு என்று சொல்லிவைக்க முடியாதே.

அதே லென்ஸில் நார்களையும் பாருங்கள். நோட்டுக் காகிதத்தின் மேற்பரப்பு ஒரு வகை மெழுகுபோல வழவழப்பாக இருக்கும். சுரண்டிய இடத்தில் அந்த வழவழப்பு போய் நார்கள் சிலிர்த்து நிற்கும். நோட்டைச் சாய்த்து வெளிச்சத்தை அதன்மேல் ஓடவிட்டால் மற்ற இடம் லேசாக மின்னும், அந்த இடம் மட்டும் மங்கும். பிறகு நோட்டை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். சுரண்டி மெலிந்த இடம் மற்றதைவிட வெளிச்சமாகத் தெரியும்.

ரசாயனத்தில் அழித்ததாக இருந்தால் நார் சிலிர்ப்பு இருக்காது. அதற்கு யூவி. நோட்டுக் காகிதத்தில் பளிச்சென்று ஒளிரும் வெண்மையூட்டி சேர்ப்பதில்லை, அதனால் யூவியில் அது இருட்டாகவே கிடக்கும். நடுவில் ஒரு திட்டு மட்டும் வேறு நிறத்தில், ஓரம் கலைந்த மேகம் மாதிரி தெரிந்தால் ஏதோ திரவம் பட்டிருக்கிறது. இந்திய நோட்டில் இன்னொரு வசதி உண்டு. நம்பர்கள் யூவியில் ஒளிரும் மையில் அச்சானவை. கண்ணுக்கு அழிந்த நம்பர் யூவியில் சில சமயம் துளித்துளியாகத் தலைகாட்டும்.

அடுத்து, விடுபட்ட பகுதியின் ஓரம். தாளின்மேல் ஒரு காகிதத் துண்டு விழுந்து கிடந்து, அச்சு அதன்மேல் போய், துண்டு பிறகு உதிர்ந்துவிட்டது என்று வையுங்கள். அச்சு நின்ற இடம் கத்தியால் கீறியதுபோல் நேராக இருக்கும். முகத்தை, எழுத்தை, கோட்டை எதையும் மதிக்காமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக மெஷினுக்குள் போனாலும் இப்படித்தான், ஒரு நேர்க்கோட்டுக்கு இந்தப்பக்கம் அச்சு, அந்தப்பக்கம் வெறுமை. கையால் அழித்தவர் பெரும்பாலும் படத்தின் ஓரத்தை அனுசரித்தே போவார். ஒரு சின்னத்தை மட்டும், ஒரு எண்ணை மட்டும், ஒரு கையெழுத்தை மட்டும் பதமாக எடுத்திருப்பார். மெஷினுக்கு அந்த நாகரிகம் கிடையாது.

நிறம் மாறிய நோட்டு

வாங்காதீர்கள். பச்சை முத்திரை நீலமானது, பின்பக்கம் மஞ்சளானது என்று வருவதில் ஆகப் பெரும்பாலானவை ரசாயனமோ வெயிலோ செய்த வேலை. உண்மையிலேயே ஒரு வண்ணம் அச்சாகாமல் போயிருந்தால், அந்த ஒரு வண்ணம் மட்டும் அது வரவேண்டிய இடத்திலெல்லாம் இல்லாமல் இருக்கும், பக்கத்து வண்ணங்கள் கூர்மை குறையாமல் இருக்கும். எல்லாம் சேர்ந்து வெளிறியிருந்தால் அது சோப்புத் தண்ணீர்க் கதை.

வெட்டுப் பிழை

போலி செய்பவரிடம் கத்தரிக்கோல் உண்டு. அவரால் காகிதத்தைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது. ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். டாலர் நோட்டு எல்லா மதிப்பிலும் 156 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம். இப்போதைய இந்திய 500 ரூபாய் நோட்டு 150 மி.மீ., 66 மி.மீ. மேல் ஓரம் முழுசாகக் காணோம் என்று காட்டப்படும் நோட்டின் அகலம் 62 என்று வந்தால் பேச்சு முடிந்தது. தாள் கத்திக்கடியில் நகர்ந்து போயிருந்தால் மேலே குறைந்த அளவு கீழே கூடியிருக்க வேண்டும். கூடிய இடத்தில் பக்கத்து நோட்டின் ஓரமோ, தாளின் வெளி விளிம்பில் அச்சுக்காரர்களுக்காகப் போடும் குறிகளோ, வண்ணப் பட்டைகளோ தெரியலாம். ஒரு முனையில் அடுத்த நோட்டின் துண்டு தெரிகிற வெட்டுப் பிழையை மேசையில் உட்கார்ந்து செய்யவே முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. வெட்டாத முழுத் தாள்களைச் சில நாடுகள் சேகரிப்பாளர்களுக்கு விற்கின்றன, அமெரிக்கா நீண்டகாலமாக விற்கிறது. அப்படி ஒரு தாளை வாங்கி, கோணலாக வெட்டினால் "பிரமாதமான" வெட்டுப் பிழை தயார். அளவு சரியாக வரும், பக்கத்து நோட்டும் தெரியும், எல்லாம் சரியாக இருக்கும். அதனால் இந்த ரக நோட்டில் நான் ஓரத்தை லென்ஸில் பார்ப்பேன். அச்சகத்தில் நூறு தாள் கட்டை ஒரே கத்தி ஒரே வீச்சில் இறங்கி வெட்டும், ஓரம் ஒரே சீராக இருக்கும். கத்தரிக்கோல் ஓரம் அலையும், கத்தரிக்கோலை எடுத்து மறுபடி வைத்த இடத்தில் ஒரு சின்னப் படி விழுந்திருக்கும். சீரியல் நம்பரையும் கவனிக்க வேண்டும். விற்பனைத் தாள்களுக்கு வரிசையின் கடைசிப் பகுதி எண்களை ஒதுக்குவது அவர்கள் வழக்கம்.

மடிப்புப் பிழை

எனக்கு ரொம்பப் பிடித்த ரகம் இது. பட்டர்ஃப்ளை என்பார்கள். வெட்டுவதற்கு முன்னால் தாளின் ஒரு மூலை மடிந்துகொள்ளும், கத்தி அந்த மடிந்த நிலையிலேயே வெட்டிவிடும். பிரித்துப் பார்த்தால் மூலையில் கூடுதலாக ஒரு முக்கோணம், சிறகு மாதிரி.

என்னிடம் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். இடது கீழ் மூலை. பிரித்து வைத்தால் நோட்டின் ஓரத்தைத் தாண்டி ஒரு கூர்மையான சிறகு நீட்டிக்கொண்டு நிற்கும். பழைய மடிப்புக் கோட்டிலேயே மறுபடி மடித்தால் அந்தச் சிறகின் வெளி ஓரம் நோட்டின் ஓரத்தோடு மயிரிழை பிசகாமல் ஒன்றாகிவிடும். ஆகத்தானே வேண்டும், இரண்டும் ஒரே கத்தியில் ஒரே வீச்சில் வெட்டுப்பட்டவை. இதுதான் முதல் சோதனை. மடித்தபின் ஓரங்கள் பொருந்தவில்லை என்றால் ஏதோ வேலை நடந்திருக்கிறது.

இரண்டாவது, எப்போது மடிந்தது என்பது. என் நோட்டில் முன்பக்கத்து இன்டாக்லியோ படம் மூலைவரை முழுசாக இருக்கிறது. ஆனால் சீரியல் நம்பரின் முதல் இரண்டு எழுத்துகள் முன்பக்கத்தில் இல்லை. நோட்டைப் பிரித்துத் திருப்பினால், அந்த இரண்டும் பின்பக்கத்தில், மூலையில், சாய்வாகக் கிடக்கின்றன. மூலை முன்பக்கமாக மடிந்து, காகிதத்தின் பின்புறம் மேலே தெரிந்துகொண்டிருந்த நேரத்தில் எண் உருளை வந்து அதன்மேல் அடித்திருக்கிறது. ஆக மடிந்தது இன்டாக்லியோவுக்கு அப்புறம், நம்பருக்கு முன்னால். மடித்துப் பார்த்தால் அந்த இரண்டு எழுத்தும் மற்ற நம்பரோடு ஒரே வரியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். எத்தனை முறை மடித்துப் பார்த்தாலும் அலுக்காத காட்சி.

போலியில் வேறொரு நோட்டின் முக்கோணத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். விளக்குக்கு நேராகப் பிடித்தால் மடிப்புக் கோட்டில் காகிதம் இரட்டையாக இருட்டடிக்கும், அல்லது மெல்லிய வெளிச்சக் கீற்று விழும். ஒரே காகிதமாக இருந்தால் மடிப்பைக் கடந்து நார்கள் ஓடும். யூவியில் பசை பெரும்பாலும் நீலமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதன் தம்பி ஒன்று உண்டு. தாள் சுருங்கி, ஒரு மெல்லிய சுருக்கத்தோடு மெஷினுக்குள் போயிருக்கும். நோட்டை இழுத்துப் பிரித்தால் நடுவில் அச்சே இல்லாத வெள்ளைக் கோடு. நிஜமானால் அந்தச் சுருக்கத்தை மறுபடி மூடினால் படம் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் சேர்ந்து முழுசாகிவிடும், எதுவும் குறையாது. வெள்ளைக் கோட்டின் இடத்தில் படத்தின் ஒரு பகுதியே இல்லையென்றால், மூக்கின் நுனியோ எழுத்தின் காலோ காணவில்லை என்றால், அது சுரண்டியது.

மறுபக்கத்தில் பேய் உருவம்

முன்பக்கத்துப் படம் பின்பக்கத்தில் இடவலமாகத் திரும்பி மங்கலாகத் தெரிவது. ஒரு தாள் மெஷினுக்குள் போகாமல் தவறிவிட்டால் தகட்டிலிருக்கும் மை நேராக அடியிலுள்ள உருளையில் இறங்கிவிடும். அடுத்து வரும் தாள் முன்பக்கத்தில் ஒழுங்கான அச்சையும், பின்பக்கத்தில் உருளையிலிருந்து அந்தத் திரும்பிய உருவத்தையும் வாங்கிக்கொள்ளும். முதல் தாளில் அழுத்தமாக இருக்கும், அடுத்தடுத்த தாள்களில் வெளிறிக்கொண்டே போகும். சாதாரண ஆஃப்செட்டிலும் இது நடக்கும். நானே ஒருமுறை ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகையை இப்படிப் பாழாக்கி ஓனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சோதிப்பது எளிது. விளக்குக்கு நேராகப் பிடித்தால் பேய் உருவம் முன்பக்கத்து உருவத்தோடு அச்சு அசலாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். தடவினால் தட்டையாக இருக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் முழு மையாக இருக்க வேண்டும், நீலமும் மஞ்சளும் சிவப்புமாகச் சிதறிய புள்ளிகள் தெரிந்தால் வீட்டுப் பிரிண்டர். ஒருமுறை ஒருவர் காட்டிய நோட்டில் பேய் உருவத்தின் எழுத்துகளை நேராகவே படிக்க முடிந்தது. கண்ணாடியில் பார்த்தால்தான் படிக்க வர வேண்டும் என்பதை, பாவம், அதைச் செய்தவர் யோசிக்கவில்லை.

அடித்த தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது ஈர மை ஒட்டிக்கொள்வது வேறு விஷயம். அதில் உருவம் கொஞ்சம் தள்ளி விழலாம். நிஜம்தான், ஆனால் சாதாரணம்.

இரண்டு நம்பர்கள் பொருந்தாத நோட்டு

எண் உருளையில் ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 6 என்று வரும். சிக்கிய சக்கரம் பாதியில் நின்றிருந்தால் ஒரே இடத்தில் 5-இன் அடிப்பாதியும் 6-இன் தலைப்பாதியும் சேர்ந்து தெரியும். இதைக் கையால் செய்வது கஷ்டம், அதனால் எனக்கு இந்த ரகத்தில் நம்பிக்கை அதிகம்.

சந்தேகப்பட வேண்டியது எதில் என்றால், ஒரு பக்கம் 8, மறுபக்கம் 3 என்று வருவதில். எட்டின் இடது வளைவுகளைச் சுரண்டினால் மூன்று கிடைத்துவிடும். லென்ஸில் அந்த மூன்றின் இடதுபக்கம் நார்கள் நிற்கிறதா, பின்னணிக் கோடு வெளிறுகிறதா என்று பாருங்கள். வேறு நோட்டிலிருந்து எண்ணை வெட்டி ஒட்டுபவர்களும் உண்டு. இந்திய நோட்டுகளில் 2015 முதல் நம்பர் இடமிருந்து வலமாகப் போகப்போகப் பெரிதாகும், ஒட்டுபவர் இடம் மாற்றி ஒட்டினால் அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பக்கம் ஒரு மதிப்பு, மறுபக்கம் வேறு மதிப்பு

உண்மையில் நடந்திருக்கிறது, 1974 வரிசை டாலரில் 20-உம் 10-உம் சேர்ந்த நோட்டு உண்டு. ஆனால் அபூர்வத்திலும் அபூர்வம். உங்கள் கைக்கு வருவது அநேகமாக இரண்டு நோட்டுகளைத் தோலுரிப்பதுபோல இரண்டு ஏடாகப் பிரித்து, ஒன்றின் முகத்தையும் மற்றதின் முதுகையும் ஒட்டியதாக இருக்கும். ஓரத்தை லென்ஸில் பார்த்தால் நடுவில் ஒரு கோடு ஓடும். விரலிடையில் சுண்டினால் நோட்டின் சத்தம் வராது, அட்டை மாதிரி மந்தமாக இருக்கும். நீர்க்குறி கலங்கியிருக்கும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இழை இல்லாத நோட்டு என்றால் விளக்குக்கு நேராகப் பிடித்து, இழை ஓட வேண்டிய இடத்தில் காலிக் குழாய் போல ஒரு கோடு தெரிகிறதா பாருங்கள். உருவி எடுத்திருந்தால் தெரியும், ஓரத்தில் சின்னக் கீறலும் இருக்கும். ஹாலோகிராம் விடுபட்டது என்று வரும் நோட்டை நான் தொடுவதே இல்லை. பாலிமர் நோட்டில் அச்சு விடுபட்டது என்பதையும் எளிதில் நம்பாதீர்கள், வழவழப்பான பிளாஸ்டிக்கிலிருந்து சில கரைப்பான்கள் மையைச் சுத்தமாக எடுத்துவிடும், சிலிர்க்க அங்கே நாரும் இல்லை. அதே பிளாஸ்டிக்கைச் சூடுபடுத்தினால் சுருங்கும். "சின்ன அளவில் அச்சான நோட்டு" என்று விற்கப்படும் குட்டி பாலிமர் நோட்டின் வரலாறு அவ்வளவுதான்.

எரரே இல்லாதவையும் எரர் என்று சுற்றுகின்றன. நம்பரோடு நட்சத்திரக் குறி இருக்கும் நோட்டு, அச்சகத்தில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக வைக்கப்பட்ட மாற்று நோட்டு. டாலரில் 1910 முதல், இந்தியாவில் 2006 முதல் உண்டு. சேகரிக்கலாம், ஆனால் எரர் இல்லை. 2018-இல் வந்த ஆஸ்திரேலிய 50 டாலரில் நுண்ணெழுத்தில் ஒரு சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. கண்டுபிடித்தது அடுத்த வருடம், அதற்குள் சுமார் 4 கோடியே 60 லட்சம் நோட்டுகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அத்தனை கோடியில் ஒன்று உங்களிடம் இருப்பதில் பெருமைப்படலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வாங்கும்போது

படத்தைப் பார்த்து வாங்குவதாக இருந்தால் நான் மூன்று படம் கேட்பேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு ஒன்று, பிழை இருக்கும் இடத்தின் நேர் பின்பக்கம் ஒன்று. ஸ்கேனரில் எடுத்த படம் உதவாது, அதன் வெளிச்சம் மேடுபள்ளத்தையெல்லாம் தட்டையாக்கிவிடும். நிஜமான நோட்டு வைத்திருப்பவர் இதைக் கேட்டால் உற்சாகமாகிவிடுவார், கேட்டதற்கு மேல் நாலு படம் வரும். "டார்ச் இல்லை", "கேமரா சரியில்லை", "வேறொருத்தர் வாங்க ரெடியா இருக்கார்" என்று பதில் வந்தால் அந்த வேறொருத்தரே வாங்கட்டும்.

பிஎம்ஜி போன்ற தரச்சான்று நிறுவனங்களின் உறையில் இருந்தால் நல்லது. ஆனால் உறையிலுள்ள எண்ணை அவர்களின் பதிவில் தேடி, அங்கிருக்கும் படத்தில் இதே நோட்டுதானா என்று மடிப்பு, கறை, சீரியல் நம்பர் எல்லாம் ஒப்பிடுங்கள். உறையும் போலியாக வருகிறது.

உங்களுக்கே ஏதாவது ஒன்று புது நோட்டுக் கட்டிலிருந்து நேராகக் கிடைத்தால், கை வைக்காதீர்கள். கழுவாதீர்கள், மடிப்பை நிமிர்த்தாதீர்கள், கனமான புத்தகத்துக்கடியில் வைக்காதீர்கள். பிவிசி பிளாஸ்டிக் இல்லாத உறையில், கிடைத்த நிலையிலேயே வையுங்கள். நான் மேலே சொன்ன சாட்சிகள் எல்லாமே காகிதத்தின் மேடு, பள்ளம், மடிப்பு, நார் இவற்றில்தான் இருக்கின்றன. போன வருடம் ஒரு நண்பர் மூலமாக ஒரு பட்டர்ஃப்ளை நோட்டு வந்தது. முன்பு வைத்திருந்தவர் அழகாக இருக்கட்டும் என்று துணி போட்டு இஸ்திரி போட்டிருக்கிறார். மடிப்புக் கோடு போய்விட்டது, நம்பரின் அழுத்தம் போய்விட்டது, மூலை ஓரத்தில் காகிதம் இழுபட்டு இப்போது மடித்தால் ஓரங்கள் அரை மில்லிமீட்டர் பொருந்தவில்லை. நிஜமான எரர் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இன்னொருவரிடம் காட்டி அப்படிச் சொல்ல என்னால் முடியாது. ஆல்பத்தில் அந்த ஏழும் நாலும் தெரியும் நோட்டுக்குப் பக்கத்து உறையில் வைத்திருக்கிறேன்.